காதால் ஆடும் ஆட்டம்!
படமே இல்லாத கம்ப்யூட்டர் விளையாட்டு

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எங்கோ மணி அடிக்கிறது. "வலப்பக்கம்" என்று உடனே சொல்லிவிடுவீர்கள்.

அது எப்படி?

வலப்பக்கத்து ஓசை வலது காதை முதலில் எட்டும். இடது காதுக்குச் சற்றுப் பிந்தி வரும். ஒரு வினாடியை 1,000 கூறு போட்டால், அதில் ஒரு கூறுகூட ஆகாத தாமதம்! தலை மறைப்பதால் ஓசையும் சற்றுக் குறையும். இந்த இரண்டையும் வைத்து மூளை திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இதை வைத்தே படம் இல்லாத விளையாட்டுகளைச் செய்கிறார்கள். பார்வையற்றவர்களும் அவற்றை ஆடலாம்.

பாளையங்கோட்டை

நெல்லைச் சீமைக்குப் பொருத்தமான செய்தி இது. பாளையங்கோட்டையில் 1890-ம் ஆண்டிலேயே பார்வையற்றோர் பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர், ஆஸ்க்வித் அம்மையார் என்ற மிஷனரி. புள்ளி எழுத்தைத் தடவிப் படிக்கும்போது விரல் கண் ஆகிறது. விளையாட்டில் காது கண் ஆகிறது.

பார்வையற்றோர் கிரிக்கெட் ஆடுவதைக் கேள்விப்பட்டு இருப்பீர்கள். பந்துக்குள் சிறு குண்டுகள் இருக்கும். பந்து உருண்டால் கலகல என்று ஒலிக்கும். பந்து எங்கே இருக்கிறதோ, அங்கேதான் ஓசையும் இருக்கும்.

கம்ப்யூட்டரில் பந்து கிடையாது. ஓசையை எங்கே வைப்பது என்று விளையாட்டை எழுதுகிறவரே முடிவு செய்ய வேண்டும்.

ஒற்றை, இரட்டை

ஓசைப் பதிவு இரண்டு வகை. "மோனோ" என்பது ஒற்றை ஓசை. "ஸ்டீரியோ" என்பது இடம், வலம் என்று முன்பே பிரித்த இரட்டை ஓசை.

நெல்லை குறுக்குத்துறையில் ஒரு விளையாட்டு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கோவில் மணி. பின்னால் மாட்டு வண்டி. சுற்றிலும் தாமிரபரணியின் சலசலப்பு.

மணியும் வண்டியும் ஒவ்வோர் இடத்தில் இருப்பவை. அவை மோனோவாக இருக்க வேண்டும். அப்போதுதான் கம்ப்யூட்டர் அந்த ஓசையை இரு காதுக்கும் வேண்டிய அளவில் பங்கிட முடியும். ஆடுகிறவர் இடப்பக்கம் திரும்பினால், மணி நேர் எதிரே கேட்கும். நடந்து போனால் ஓசை பெருகும்.

ஆற்றின் ஓசைக்கு ஓர் இடம் கிடையாது. அது ஸ்டீரியோவாக இருந்தால் அழகு.

மாறினால்?

மணியை ஸ்டீரியோவில் வைத்தால் வந்தது வினை! பல விளையாட்டு மென்பொருள்கள் ஸ்டீரியோ ஓசையை இடம் மாற்றுவதே இல்லை. ஆடுகிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் மணி ஒரே மாதிரி கேட்கும். கோவிலுக்குப் போக வேண்டியவர் ஆற்றுக்குள் போய்விடுவார்!

கண்ணால் ஆடுகிறவருக்கு ஓசை தவறினாலும் படம் இருக்கிறது. காதால் ஆடுகிறவருக்கு ஓசை தவறினால் வழியே தவறிவிடும்.

ஜப்பானில்

ஜப்பானைச் சேர்ந்த கெஞ்சி ஈனோ என்பவர் பார்வையற்ற ரசிகர்களைச் சந்தித்தார். அவர்களும் ஆட வேண்டும் என்று, ஓசையால் மட்டுமே ஆன விளையாட்டு ஒன்றை 1997-ல் வெளியிட்டார். பிறகு பல நாடுகளில் இத்தகைய விளையாட்டுகள் வந்தன.

வீட்டில் ஆடுவோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். செல்போனின் ஒற்றை ஒலிபெருக்கியில் இரண்டு பக்க ஓசையும் கலந்துவிடும். ஹெட்போனை இடம், வலம் மாற்றி மாட்டவும் கூடாது. மாட்டினால் வண்டி வருகிற பக்கமே ஓடுவீர்கள்!

விளக்கை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். பார்வை உள்ள அண்ணனும், பார்வை இல்லாத தங்கையும் அங்கே சமம். தங்கையே ஜெயித்தாலும் ஆச்சரியம் இல்லை!