வண்ணத் தொலைக்காட்சிப் படக்குழாய், 14 அங்குலம்

தட்டைத் திரைகள் வரும்வரை புதுச்சேரியின் பாகூர் வீட்டுக் கூடங்களில் இருந்தது இத்தகைய குழாய் கொண்ட பெட்டிதான். எல்லைக்கு அப்பால், கடலூர்ப் பக்கத்து ஊர்களுக்குத் தமிழக அரசு 2006 முதல் வழங்கிய இலவசத் தொலைக்காட்சியும் இதே அளவு.

பெட்டியைப் போட்டதும் படம் வரச் சில நொடிகள் ஆகுமே, அது குழாயின் கழுத்துக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழைகள் சூடேறும் நேரம். சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒன்றாக மூன்று சிறு நிக்கல் குப்பிகளை அவை சூடாக்கும். குப்பியின் முகப்பில் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு பூச்சு. வெறும் டங்ஸ்டன் தாராளமாக எலக்ட்ரான்களை உமிழ 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். இந்தப் பூச்சுக்குச் சுமார் 800 டிகிரி போதும். அதனால்தான் இழை பல்லாண்டு உழைத்தது. சூடான உலோகம் எலக்ட்ரான்களை உமிழும் விதியைக் கண்ட ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

வெளிவந்த எலக்ட்ரான்களைச் சுமார் 20,000 வோல்ட் திரையை நோக்கி இழுக்கும். அப்போது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 80,000 கிலோமீட்டர்! ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கிகள் பலவற்றிலும் கதிர் பிறப்பது சூடான இழையில்தான். அயனிக் கருவிகள் சிலவற்றில், இழை உமிழும் எலக்ட்ரான்கள் வாயுவில் மோதி அயனிகளை உண்டாக்கும்.

கழுத்துக் கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிபோல் மின்னும் திட்டு பேரியம். மிஞ்சிய வாயுவை அது உறிஞ்சி வெற்றிடத்தைக் காக்கிறது. காற்று புகுந்தால் வெளுத்துவிடும்; பிறகு குழாய் வேலை செய்யாது.