சாயநீரும் தெளிநீரும்

பட்டு நெசவுக்குப் புகழ்பெற்ற காஞ்சிபுரத்தில், பாலாற்றை ஒட்டி அமைந்த பகுதி ஓரிக்கை. பட்டுத்தொழிலின் முதல் தேவை நீராகும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு 'செரிசின்' என்னும் பசைப்புரதம். சவர்க்காரமும் சோடாவும் கலந்த கொதிநீரில் இப்பசையை நீக்கிய பின்னரே இழைக்குச் சாயமேற்றுவர். எஞ்சும் கழிவுநீர் ஆற்றில் கலந்தால், நுண்ணுயிரிகள் அப்புரதத்தைச் சிதைக்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும், மீன்கள் மடியும்.

இதற்குத் தீர்வு உண்டா? திருப்பூர் விடை கூறுகிறது. பருத்தி ஆடைச் சாயக்கழிவால் நொய்யல் ஆறு பாழ்பட்டதால், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத முறை அங்கு வேரூன்றியது. முதலில் நுண்ணுயிரிகள் கரிமக் கழிவைச் சிதைக்கின்றன. அடுத்து, எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் மிகுந்த அழுத்தத்துடன் நீர் மென்சவ்வின் வழியே செலுத்தப்பட்டுத் தெளிநீராகிறது. எஞ்சிய உவர்நீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கின்றனர்.

ஆவியாக்க மிகுந்த வெப்பம் தேவை. ஆற்றைக் காக்க விறகையும் நிலக்கரியையும் எரித்தால் காற்று மாசுபடும். எனவே, வெளியேறும் நீராவியை இயந்திரத்தால் அழுத்தி, அதன் வெப்பநிலையை உயர்த்தி, அவ்வெப்பத்தாலேயே உவர்நீரை மீண்டும் ஆவியாக்கும் நுட்பம் உருவாகியுள்ளது. இதனால் எரிபொருள் தேவை பெரிதும் குறைகிறது.

இத்தகைய நிலையத்தைச் சிறு சாயப்பட்டறை தனித்து அமைத்தல் அரிது. பலர் கூடிப் பொது நிலையம் அமைத்தால் செலவு பகிரப்படும். நெசவும் ஆறும் ஒருங்கே வாழ இதுவே வழி.