வரியை உயர்த்தினால் கருவூலம் நிறையுமா?

கணினி விளையாட்டு என்றாலே நேரத்தை விழுங்கும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். எனினும், சில வியூக விளையாட்டுகள் ஆட்சிக் கணக்கையும் நமக்குக் கற்றுத் தருகின்றன. 2004-ஆம் ஆண்டு வெளிவந்து, 2021-இல் புதுப்பொலிவுடன் மீண்டும் வெளியிடப்பட்ட ‘ரோம்: டோட்டல் வார்’ அவற்றுள் ஒன்று. கி.மு. 270-இல் தொடங்கும் இவ்விளையாட்டில், ஒரு ரோமானியக் குடும்பத்தின் தலைமையை ஏற்று, ஒவ்வொரு நகரத்துக்கும் வரிவிகிதத்தை நாமே விதிக்கிறோம். பலரைத் தடுமாற வைக்கும் இடமும் இதுதான்.

வரியின் இரு பக்கங்கள்

குறைவு, இயல்பு, அதிகம், மிக அதிகம் என வரிக்கு நான்கு படிகள் உண்டு. படி உயர்ந்தால் வரி வருவாய் உடனே கூடும். வேளாண்மை, சுரங்கம், வணிகம் ஆகியவை தனித்தனி வரவுகள். வரியின் படியை உயர்த்துவதால் அவை கூடுவதில்லை.

இந்தக் கூடுதல் வருவாய்க்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று, மக்கள்தொகை வளர்ச்சி குன்றும். மற்றொன்று, பொது அமைதி குறையும். மக்கள்தொகை 2000, 6000, 12000, 24000 என எட்டும்போதுதான் ஊர் அடுத்த நிலைக்கு உயர்ந்து, புதிய கட்டடங்களைப் பெற முடியும். சிற்றூரில் கடும் வரி விதித்தால் அந்த உயர்வு தள்ளிப்போகும். அமைதி குலைந்தாலோ கலவரம் மூளும். அதை அடக்கக் காவற்படை வேண்டும். வரியாக வந்த பணம் படைச்சம்பளமாக வெளியேறிவிடும். புறநானூற்றின் 184-ஆம் பாடலில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு எடுத்துரைத்த யானை உவமையை அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று.

ஆகவே, வளரும் ஊருக்குக் குறைந்த வரியே நலம். மக்கள் பெருகி, நெரிசலும் அசுத்தமும் மிகுந்துவிட்ட மாநகரில், அமைதி இடங்கொடுக்கும் வரை வரியை உயர்த்தலாம். அங்கே வளர்ச்சி மட்டுப்படுவதும் ஒரு நன்மையே.

சிவப்பு எண்ணின் மயக்கம்

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். நன்கு வளர்ந்த தலைநகரின் வருமானம் திடீரெனச் சிவப்பு எண்ணில், நட்டமாகத் தோன்றும். பதறிப்போய் வரியை உச்சத்துக்கு ஏற்றுவோர் உண்டு. அந்நகரைப் பாரமென்று கருதிக் கைவிட நினைப்போரும் உண்டு. இரண்டுமே தவறு.

நாடு முழுவதற்குமான படைச் செலவை, மக்கள்தொகைக்கு ஏற்ப எல்லா நகரங்களின் கணக்கிலும் இவ்விளையாட்டு பகிர்ந்து எழுதுகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ‘அ’ நகரில் 24000 பேர்; அதன் வரவு 3000 தினாரி. ‘ஆ’ நகரில் 6000 பேர், வரவு 1200. மொத்தப் படைச் செலவு 4000. நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் ‘அ’வின் பங்கு 3200, ‘ஆ’வின் பங்கு 800. எனவே ‘அ’ 200 நட்டமாகவும், ‘ஆ’ 400 இலாபமாகவும் தெரியும். நாட்டின் கணக்கிலோ 200 மிச்சம்!

இப்போது ‘அ’வைக் கைவிட்டால் என்ன ஆகும்? படை அப்படியே இருக்கும். 4000 முழுவதும் ‘ஆ’வின் தலையில் விழும். மிச்சம் 200 போய், ஒவ்வொரு சுற்றிலும் 2800 பற்றாக்குறை ஏற்படும். நட்டம் என்று நாம் நினைத்த நகரமே நாட்டைத் தாங்கி நின்றது என்பது அப்போதுதான் புலப்படும். உண்மையான மருந்து, தேவையற்ற படைப்பிரிவுகளைக் கலைப்பதும், சாலை, சந்தை, துறைமுகம் அமைத்து வணிகத்தைப் பெருக்குவதுமே. படையைப் பெரிய நகரில் கலைத்தால் நெரிசல் கூடும். சிற்றூரில் கலைத்தால் அவ்வீரர்கள் அங்கே குடிமக்களாகி ஊர் வளரும்.

நமக்கான பாடம்

கணக்கியல் பயிலும் நண்பர்கள் இதைப் பொதுச் செலவுப் பகிர்வு என்று உடனே அடையாளம் காண்பர். தலைமையகச் செலவைக் கிளைகளுக்குப் பங்கிட்டுவிட்டு, பெரிய கிளை நட்டத்தில் ஓடுகிறது என்று அதை மூட முனையும் நிறுவனமும் இதே மயக்கத்துக்கு ஆளாகிறது. மூடிய பின்னும் நீங்காத செலவு எது என்று கேட்பதே அறிவுடைமை. நாளை நாம் எந்தப் பொறுப்பில் அமர்ந்தாலும், ஒரு சிவப்பு எண்ணைக் கண்டதும் முடிவெடுக்காமல், அந்த எண் எப்படி வந்தது என்று முதலில் ஆராய்வோம்.