அலைக்குக் கணக்கு எழுதியவர்கள்

பெரம்பலூர்க்காரனுக்கு அலையைப் பத்தி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கமும் ஒரு காலத்தில் கடல்தான்! சந்தேகமிருந்தால் காரை பக்கம் போய்ப் பாருங்கள். அம்மோனைட் என்கிற கடல் ஜீவன் சுருண்டு கல்லாய்க் கிடக்கும். என்ன... நாங்கள் ஒரு பத்து கோடி வருஷம் லேட்டாகப் பிறந்துவிட்டோம், அவ்வளவுதான்!

அந்தப் பாசமோ என்னவோ, டி.வி.யில் அலைச்சறுக்குப் போட்டி வந்தால் நகரமாட்டேன்.

"பலகை மேல நிக்கிறதுக்கெல்லாம் காசு தர்றாங்களாய்யா?" என்பார் பக்கத்து சீட் நண்பர்.

நியாயமான கேள்வி. ஹவாய்த் தீவில் அது பல நூற்றாண்டு விளையாட்டு. 1960-களில்தான் பரிசுப் பணம் எட்டிப் பார்த்தது. ஆனால் ஒரு போட்டிக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே கிடையாது. ஹவாயில் ஜெயித்தவர் பெரியவரா, ஆஸ்திரேலியாவில் ஜெயித்தவரா? யாரைக் கேட்பது?

1976-ல் ஃப்ரெட் ஹெமிங்ஸ், ராண்டி ராரிக் என்ற இருவர் செய்த காரியம், பி.காம். படித்த எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த வருஷப் போட்டிகளை ஒரே பேரேட்டில் ஏற்றி, பாயிண்ட் போட்டுக் கூட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் பீட்டர் டவுனெண்ட் முதலிடம். முதல் தொழில்முறை உலக சாம்பியன்! வேடிக்கை என்னவென்றால், அவர் அதில் ஒரு போட்டியில்கூட முதல் பரிசு வாங்கவில்லை. விடாமல் எல்லாவற்றிலும் நல்ல இடத்துக்கு வந்துகொண்டே இருந்தார். லீவே போடாத குமாஸ்தாவுக்குப் பிரமோஷன் கிடைத்த மாதிரி!

நம்ம கரையிலும் அதே கதைதான். 2011-ல் இந்திய அலைச்சறுக்கு சம்மேளனம் வந்தது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மீனவர் மூர்த்தி மேகவன் நண்பர்கள் துணையோடு 2012-ல் சறுக்குப் பள்ளி ஆரம்பித்தார். புகை, குடி இரண்டுக்கும் அங்கே தடா! 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக் போட்டி மாமல்லபுரத்துக்கே வந்தது. ஆண், பெண் இரண்டு பட்டமும் ஜப்பானுக்குப் போனது. 2025-ல் அதே மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டி. ரமேஷ் புதிஹாலுக்கு வெண்கலம். இந்தியர் ஒருவர் அங்கே தனிநபர் பதக்கம் வாங்கியது அதுதான் முதல் தடவை.

அலை என்றைக்கும் இருந்தது சார். கணக்கு எழுத ஆள் வந்த பிறகுதான் அது சோறு போட ஆரம்பித்தது.

மீனவர் வீட்டில் 'கடலுக்குப் போறேன்' என்றால் வலை என்று ஒரே அர்த்தம்தான். இப்போது சில பிள்ளைகளுக்கு இரண்டாவது அர்த்தமும் கிடைத்திருக்கிறது.

பக்கத்து சீட்டுக்கு இதைச் சொன்னேன். "அப்ப அரியலூர்ல கடல் மறுபடி எப்ப வரும்?" என்கிறார்!