மாடிப்படி அளவு சரிவு போதும்: குல்மர்க்ல ஸ்கீ டூரிங்

போன எபிசோடுக்கு அப்புறம் தாம்பரம் சானடோரியத்துல இருந்து ஒரு லிஸ்னர் கேட்டிருந்தாங்க: "பிப்ரவரியில குல்மர்க் போறோம். கோண்டோலால மேல போய், கயிறைத் தாண்டி ஸ்கீ பண்ணலாம்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. ஓகேவா?" பதில் கொஞ்சம் நீளம், அதனால ஒரு எபிசோடே போட்டாச்சு.

குல்மர்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். அங்கிருந்து கோண்டோலா ரெண்டு கட்டமா ஏறி, அஃபர்வட் மலையில கிட்டத்தட்ட 3,950 மீட்டர்ல இறக்கி விடும். கோடையில இது சாதாரண டூரிஸ்ட் மலை. குடும்பத்தோட போவாங்க, குதிரையில ஏறுவாங்க, அல்பத்தர் ஏரி வரைக்கும் நடப்பாங்க. யூடியூப்ல பார்க்கிற வீடியோ பாதி அதுதான். குளிர்காலத்துல மலை அதேதான், ஆனா மேல உட்கார்ந்திருக்கிற பனியால விதிகளே வேற.

முதல்ல ஸ்கீ டூரிங்னா என்ன? லிஃப்ட் இல்லாம, ஸ்கீயை மாட்டிக்கிட்டே மலை ஏறுறது. ஸ்கீயோட அடியில 'ஸ்கின்'னு ஒரு துணிப்பட்டை ஒட்டுவாங்க. அதோட முடி பின்பக்கமா சாய்ஞ்சிருக்கும். பூனை முதுகுல வாலை நோக்கித் தடவினா வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினா பிடிக்கும் இல்லையா, அதே கதைதான். முன்னாடி சறுக்கும், பின்னாடி வழுக்காது. ஏறும்போது பூட்ஸோட குதிகால் மட்டும் விடுபட்டிருக்கும். உச்சியில பட்டையை உரிச்சு பையில வச்சு, குதிகாலைப் பூட்டிக்கிட்டு இறங்க வேண்டியதுதான்.

இதுவரைக்கும் ஜாலி. பிரச்சினை, கீழே இருக்கிற பனி.

பனி ஒரே நாள்ல கொட்டுறதில்ல, அடுக்கடுக்கா படியும். நடுவுல ஒரு அடுக்கு மட்டும் சர்க்கரை மாதிரி உதிரியா, ஒட்டாம இருக்கலாம். சாய்வான தரையில கடுகைக் கொட்டி, அது மேல ஒரு பலகையை வச்சா எப்படி இருக்கும்? அந்த நிலைமைதான். ஒரு ஆள் ஏறின எடை அந்த உதிரி அடுக்கை உடைச்சா, விரிசல் பக்கவாட்டுல ஓடி, மேல இருக்கிற பலகை மொத்தமா கிளம்பிடும். உயிர் போன பனிச்சரிவுகள்ல பெரும்பாலானதைக் கிளப்பினது, சிக்கினவரோ அவர் கூட வந்தவரோதான். மலை சும்மா இருக்கும்போது நாமதான் போய் தட்டுறோம்.

எவ்வளவு சரிவு இருந்தா ஆபத்து? நம்மாளுங்க செங்குத்தான பாறையை நினைப்பாங்க. ஆனா பலகைச் சரிவு அதிகமா வர்றது 30-லிருந்து 45 டிகிரிக்குள்ள. உங்க அபார்ட்மென்ட் மாடிப்படி சுமார் 30 டிகிரி, அவ்ளோதான். ஸ்கீ பண்ண சூப்பரா இருக்கிற சரிவும் இதேதான்கிறது தான் கொடுமை. இன்னொரு விஷயம்: கோடை நடைபாதை பெரும்பாலும் சரிவுக்குக் கீழே, வசதியான பள்ளத்துல போகும். மேல உடையுற பனி வந்து நிரம்புறதும் அங்கதான். அதனால "போன ஜூன்ல இந்த வழியா நடந்தேன்"கிற அனுபவம் இங்க உதவாது.

2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அஃபர்வட்ல வந்த பனிச்சரிவுல போலந்துக்காரங்க ரெண்டு பேர் இறந்தாங்க. 19 வெளிநாட்டவரையும் 2 உள்ளூர் வழிகாட்டிகளையும் மீட்டாங்க. அடுத்த வருஷம் பிப்ரவரியிலும் குல்மர்க்ல ஒரு ரஷ்ய ஸ்கீயர் பனிச்சரிவுல இறந்தார்.

புதைஞ்சா என்ன ஆகும்? சரிவு நின்ன உடனே பனி சிமென்ட் மாதிரி இறுகிடும், கையைக் கூட அசைக்க முடியாது. முதல் 10 நிமிஷத்துக்குள்ள தோண்டி எடுத்தா பத்துல ஒன்பது பேர் பிழைக்க வாய்ப்பு. அரை மணி நேரம் தாண்டினா அது மூணுல ஒண்ணு அளவுக்கு விழுந்துடும். 108-க்கு போன் போட்டுக் காத்திருக்க இது ஜிஎஸ்டி ரோடு இல்ல. உங்க கூட வந்தவங்கதான் ஆம்புலன்ஸ்.

அதனாலதான் ஒவ்வொருத்தருக்கும் மூணு சாமான்: டிரான்ஸ்சீவர், ப்ரோப் குச்சி, மண்வெட்டி. டிரான்ஸ்சீவர் 457 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். நம்ம சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸ்ல வருதே, அந்த மீடியம் வேவ் பேண்டுக்குக் கொஞ்சம் கீழே. ஒருத்தர் புதைஞ்சா மத்தவங்க 'தேடு' மோடுக்கு மாத்தி, திரையில தூரம் குறையுற பக்கம் போவாங்க. பக்கத்துல போனதும் ப்ரோப்பால குத்திப் பார்த்து, தோண்டணும். ஜிபிஎஸ், ஆப் எதுவும் இதுக்கு மாற்று இல்ல. சொல்லப்போனா போன் இதுக்குத் தொல்லை பண்ணும், தேடும்போது அரை மீட்டராவது தள்ளி வைக்கணும். ஒரே ஒரு ஆள்கிட்ட மட்டும் செட் இருந்தா? பிரயோஜனமே இல்ல.

சரி, அந்த லிஸ்னருக்கு என் பதில். கயிறுக்கு உள்ளே, ஸ்கீ ரோந்துக் குழு பார்த்துக்கிற பகுதியில நல்லா ஸ்கீ பண்ணுங்க, முதல் தடவைக்கு அதுவே தாராளம். வெளியே கூட்டிட்டுப் போறேன்னு ஒரு வழிகாட்டி சொன்னா, மூணு கேள்வி கேளுங்க: இன்னைக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை என்ன நிலை? எல்லாருக்கும் டிரான்ஸ்சீவர் தருவீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி புதைச்சு வச்சுத் தேடிப் பழக அரை மணி நேரம் கொடுப்பீங்களா? மூணாவது கேள்விக்குச் சிரிச்சார்னா, பணத்தைக் கையில வச்சுக்கிட்டு கோண்டோலாலயே இறங்கிடுங்க.