சிப்பித் திட்டுக்கு மனை பார்த்தல்

வீடு கட்ட விரும்புகிறவர் முதலில் மனையைப் பார்க்கிறார். மண் உறுதியானதா, தண்ணீர் தேங்குமா என்று ஆராய்கிறார். நீரடியில் சிப்பிகளுக்கு வீடு அமைக்கும் விஞ்ஞானிகளும் இதையேதான் செய்கிறார்கள்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசாபீக் விரிகுடாவில் முன்பு சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளர்ந்து பெருந்திட்டுகளாக நின்றன. வளர்ந்த சிப்பி ஒன்று, நிலைமை சாதகமாக இருந்தால், நாளொன்றுக்குச் சுமார் 190 லிட்டர் வரை நீரை வடிகட்டும். அளவுமீறி அள்ளியதாலும் நோயாலும் இத்திட்டுகள் பெரிதும் அழிந்தன. அவற்றை மீண்டும் உண்டாக்க, பழைய ஓடுகளை நீரில் கொட்டினார்கள். பல இடங்களில் வண்டல் அவற்றை மூடிவிட்டது, உழைப்பு வீணாயிற்று.

காரணம் என்ன? சிப்பியின் இளவுயிரி இரண்டு மூன்று வாரங்கள் நீரில் மிதக்கிறது. பிறகு கெட்டியான, தூய்மையான பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் இடம் மாற அதனால் இயலாது. சேற்றில் விழுந்தால் மடிய வேண்டியதுதான்.

எனவே முதலில் தரையை அறிய வேண்டும். படகிலிருந்து ஒலி அலைகளை அனுப்பினால், கெட்டித் தரையிலிருந்து வலுவான எதிரொலியும் சேற்றிலிருந்து மங்கிய எதிரொலியும் திரும்பும். அடுத்தது உவர்ப்பு. ஆயிரம் பங்கு நீரில் உப்பு 5 பங்குக்கும் கீழே நெடுநாள் இருந்தால் சிப்பிகள் நலியும். உவர்ப்பு மிகுந்தாலோ நோய்க்கிருமிகள் பெருகும். மூன்றாவது நீரோட்டம். அது உணவையும் பிராணவாயுவையும் கொண்டுவர வேண்டும். ஆனால் இளவுயிரிகளைக் கடலுக்கு அடித்துச் சென்றுவிடக் கூடாது.

இங்கே பௌதிகம் துணைக்கு வருகிறது. உராய்வினால் நீரோட்டம் தரையை ஒட்டி மெதுவாகவும், சற்று மேலே வேகமாகவும் இருக்கும். வேகம் குறைந்த இடத்தில் வண்டல் எளிதில் படியும். ஆகவே இடத்தோடு திட்டின் உயரமும் முக்கியம்.

2004-ஆம் ஆண்டில் வர்ஜீனியாவின் கிரேட் விக்கோமிகோ ஆற்றில், மீன்பிடி தடைசெய்யப்பட்ட ஒன்பது இடங்களில் உயரமான திட்டுகளும் தாழ்வான திட்டுகளும் அமைக்கப்பட்டன. 2007-இல் கணக்கெடுத்தபோது அங்கே சுமார் 18.5 கோடி சிப்பிகள் இருந்தன. தாழ்ந்த திட்டுகளைக் காட்டிலும் உயர்ந்த திட்டுகளில் அவை நான்கு மடங்கு நெருக்கமாக வளர்ந்திருந்தன!

ஓடுகளைக் கொட்டுவது எளிது. எங்கே, எவ்வளவு உயரத்தில் கொட்டுவது என்பதில்தான் வெற்றி அடங்கியிருக்கிறது.