பால்வாடி முதல் பிளே ஸ்கூல் வரை: தொழிற்பேட்டைப் பெற்றோர் பார்க்க வேண்டியவை

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் அமைந்துள்ள திருப்பாச்சூர், வாசீசுவரர் கோயிலால் நெடுங்காலமாக அறியப்பட்ட ஊர். ஆனால் அதன் இன்றைய அன்றாட வாழ்வில் காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும், திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கும், அவற்றுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளுக்கும் பெரும்பங்கு உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. தாயும் தந்தையும் ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ப வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய குடும்பங்களில், மூன்று வயதுக் குழந்தையை எங்கே சேர்ப்பது என்பது கல்வி பற்றிய கேள்வியாக எழுவதற்கு முன்பே, பகலில் அக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியாக எழுந்துவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைத்துவிடும் என்று எண்ணி அவசரமாக முடிவெடுக்கும் பெற்றோர், பெரும்பாலும் இரண்டில் ஒன்றை இழக்கிறார்கள்.

முன்பருவக் கல்வி என்பது முதல் வகுப்பில் சேர்வதற்கு முந்தைய இரண்டு, மூன்று ஆண்டுகளில் குழந்தைக்கு அமைப்பு முறையாகத் தரப்படும் பராமரிப்பும் பயிற்சியும் ஆகும். மக்கள் வழக்கில் இன்றும் பால்வாடி என்றே அழைக்கப்படும் அங்கன்வாடி, சில அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் நடக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள், தனியார் நர்சரிப் பள்ளிகள், மெட்ரிக் மற்றும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் கே.ஜி. பிரிவுகள், தனித்து இயங்கும் பிளே ஸ்கூல்கள் என இன்று இதற்குப் பல வாயில்கள் உள்ளன. இவற்றுள் அங்கன்வாடி, மத்திய அரசு 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் வழி வந்தது. தமிழ்நாட்டில் 1982இல் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டம் அதற்கு வலுச்சேர்க்க, இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. அரசு எல்.கே.ஜி. வகுப்புகள் காலத்தால் மிகவும் பிற்பட்டவை. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் அவை தொடங்கப்பட்டன.

உழைக்கும் மக்களின் குடியிருப்புக்கும் முன்பருவக் கல்விக்கும் உள்ள உறவு புதியதன்று. 1907 ஜனவரியில் மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில்தான். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளே அங்கு முதல் மாணவர்கள். அதே மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பிறந்த அந்த முறையின் பெயர் இன்று அதிகக் கட்டணம் வசூலிக்கும் பள்ளிகளின் விளம்பரப் பலகையில் இடம்பெறுவது வருந்தத்தக்கது. ஒரு பள்ளி தன் பெயரில் மாண்டிசோரியைச் சேர்த்துக்கொள்வதாலேயே அங்கு அந்த முறை பின்பற்றப்படுகிறது என்று பொருளாகாது. பயிற்சி பெற்ற ஆசிரியர் உள்ளாரா, கற்றல் பொருள்கள் குழந்தைகளின் கைக்கு எட்டும் தாழ்வான அலமாரியில் உள்ளனவா, அவற்றைக் குழந்தை தானே எடுத்துப் பயன்படுத்த விடப்படுகிறதா என்பவற்றைக் கொண்டே அதை அறிய முடியும்.

ஒரு மையத்தை நல்லதாக்குவது எது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு தெளிவான விடை தருகிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களில் மட்டும், முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாற்றும் ஓர் உள்ளூர்ப் பணியாளரைக் கூடுதலாக அமர்த்தச் செய்து, விளைவுகளை ஒப்பிட்டார்கள். புதிய கட்டடமோ விலையுயர்ந்த பொருள்களோ தரப்படவில்லை. கூடுதலாக ஒருவர் இருந்ததனால் குழந்தைகளுடன் கற்பித்தலில் செலவிடப்பட்ட நேரம் இரட்டிப்பானது. ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணிக்கும் பதிவேடுகளுக்கும் நேரம் கிடைத்தது. ஒன்றரை ஆண்டுக்குப் பின் அக்குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் மற்ற மையக் குழந்தைகளை விஞ்சியதோடு, அவர்களிடையே ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்திருந்தது. பெரியவர் ஒருவர் வேறு வேலையின் குறுக்கீடின்றிக் குழந்தையோடு செலவிடும் நேரமே முன்பருவக் கல்வியின் முதன்மையான மூலப்பொருள் என்பதே இதிலிருந்து பெற்றோர் கொள்ள வேண்டிய முடிவு. பலகையில் உள்ள பெயர், பாடத்திட்டத்தின் பெயர், குளிரூட்டப்பட்ட வகுப்பறை ஆகியவை இதற்குப் பிற்பட்டவை.

ஆகவே பள்ளியைப் பார்வையிடச் செல்லும் பெற்றோர், சேர்க்கைக் காலத்து விடுமுறை நாளில் செல்வதைக் காட்டிலும், வகுப்பு நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலைநாள் முற்பகலில், ஒரு ஷிப்டை மாற்றிக்கொண்டாவது செல்வது நல்லது. ஓர் அறையில் எத்தனை குழந்தைகள், அவர்களோடு எத்தனை பெரியவர்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தனியார் பிளே ஸ்கூல்களுக்காகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டுதல், 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் இருக்க வேண்டும் என்றும், வகுப்பு நேரம் நாளுக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம் போதும் என்றும் கூறுகிறது. எண்ணிக்கைக்கு அடுத்து, அந்தப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் காண வேண்டும்: குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறார்களா, குழந்தை சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கிறார்களா, அழும் குழந்தையைத் தூக்குகிறார்களா, அறையில் ஒலிப்பது குழந்தைகளின் குரலா ஆசிரியரின் குரலா என்பன போன்றவை அரைமணி நேரத்திலேயே புலப்பட்டுவிடும். ஆசிரியர்கள் அங்கு எத்தனை ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார்கள் என்று கேட்பதும் அவசியம். மிகக் குறைந்த சம்பளத்தில் ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் பள்ளியில், ஒருவரிடம் ஒட்டிக்கொண்ட குழந்தை மீண்டும் மீண்டும் புதியவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. மூன்று வயதில் அது சிறிய இழப்பன்று.

பெற்றோரை மிக எளிதில் ஏமாற்றும் அடையாளம் எழுத்து நோட்டு. மூன்றரை வயதுக் குழந்தை நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி வருவது கண்டு மகிழும் பெற்றோர், அது எந்த விலையில் வந்தது என்பதை அறிவதில்லை. மணிக்கட்டிலுள்ள சிறு எலும்புகள் பிறக்கும்போது குருத்தெலும்பாக இருந்து பல ஆண்டுகளில் படிப்படியாகவே உறுதிப்படுகின்றன. விரல்களின் நுண்தசைகளும் அவ்வாறே படிப்படியாக வலுப்பெறுகின்றன. களிமண் பிசைதல், மணி கோத்தல், கிழித்து ஒட்டுதல், மணலில் வரைதல் ஆகியவை அந்தக் கையை எழுத்துக்கு ஆயத்தப்படுத்தும் வேலைகளே தவிர, பொழுதுபோக்கல்ல. ராஜஸ்தான், அசாம், தெலங்கானா மாநிலங்களில் ஏறத்தாழ 14,000 குழந்தைகளை நான்கு வயது முதல் எட்டு வயது வரை தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வு, தனியார் முன்பருவப் பள்ளிகள் பெரும்பாலும் முதல் வகுப்பையே கீழ்நோக்கி இழுத்துவந்து நடத்துகின்றன என்பதையும், அங்கன்வாடிகளில் கற்பித்தல் மிகக் குறைவாகவே நடைபெறுகிறது என்பதையும் ஒருசேரச் சுட்டியது. இரு குறைகளும் வெவ்வேறு திசையிலிருந்து வந்தாலும், வயதுக்கு ஏற்ற விளையாட்டும் பேச்சும் குழந்தைக்குக் கிடைக்காமற்போவதே இரண்டின் விளைவும் ஆகும். எழுத்து நோட்டைக் காட்டும்படி கேட்பதற்கு மாறாக, நேற்று என்ன கதை சொன்னீர்கள் என்று ஆசிரியரைக் கேட்டால் பள்ளியின் இயல்பு வெளிப்படும்.

மொழி இப்பகுதியில் தனிக் கவனத்துக்குரியது. ஆந்திர எல்லையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்தில் தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். இருளர் குடியிருப்புகள் உள்ளன. செங்கல் சூளை வேலைக்கென ஒடிசாவிலிருந்து ஆண்டுதோறும் வரும் குடும்பங்களும், தொழிற்பேட்டைகளில் பணிபுரியும் பீகார், மேற்கு வங்கக் குடும்பங்களும் உள்ளன. வீட்டில் பேசும் மொழியில் சொல்வளமும் கதை கேட்கும் பழக்கமும் பெற்ற குழந்தை, இரண்டாம் மொழியைப் பின்னர் அந்த அடித்தளத்தின் மீதே கட்டுகிறது. ஆங்கிலப் பாட்டு பாடுவதில் தவறில்லை. ஆனால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதையும் வயிறு வலிக்கிறது என்பதையும் குழந்தை தன் மொழியில் சொன்னால் புரிந்துகொள்ளும் ஒருவராவது பள்ளியில் இருக்கிறாரா என்பதே முதலில் கேட்க வேண்டியது. தாய்மொழியில் பேசியதற்காகக் குழந்தையைக் கண்டிக்கும் பள்ளியை, அதன் மற்றைச் சிறப்புகள் எவையாயினும், தவிர்ப்பதே நலம்.

பாதுகாப்பைப் பற்றித் தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு எவரும் நினைவூட்ட வேண்டிய தேவை இருக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்திலிருந்து பரவிய தீ, மாடியிலிருந்த கூரை வகுப்பறையைப் பற்றி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தபின், பள்ளிப் பேருந்துகளுக்கென மாநிலத்தில் தனிச் சிறப்பு விதிகள் வகுக்கப்பட்டன. விதிகள் இருந்தும், அவற்றைத் தம் குழந்தை செல்லும் இடத்தில் சரிபார்க்க வேண்டியவர் பெற்றோரே. மழலை வகுப்பு தரைத்தளத்தில் உள்ளதா, வெளியேற இரண்டாவது வழி உண்டா, சமையல் நடக்கும் இடம் வகுப்பறையிலிருந்து விலகியுள்ளதா, மூடப்படாத தண்ணீர்த் தொட்டியோ கிணறோ வளாகத்தில் இல்லையா, கழிப்பறை குழந்தையின் உயரத்துக்கு ஏற்றதா, குழந்தையைச் சுத்தம் செய்து விடுபவர் யார் என்று நேரில் நடந்து பார்க்க வேண்டும். லாரிகள் இடைவிடாது செல்லும் நெடுஞ்சாலைகளில், ஷேர் ஆட்டோவிலோ நெரிசலான வேனிலோ திருவள்ளூர் வரை நாள்தோறும் மூன்று வயதுக் குழந்தையை அனுப்புவதைவிட, நடந்து செல்லும் தொலைவிலுள்ள எளிய மையம் பல வகைகளில் மேலானது. உருக்காலைகளும் இரும்பு வார்ப்பாலைகளும் நெருங்கியுள்ள கும்மிடிப்பூண்டிப் பகுதியில், பள்ளி எந்த ஆலையை ஒட்டியுள்ளது என்பதும் கவனத்துக்குரியதே. வளரும் நுரையீரல் தூசியையும் புகையையும் பெரியவர்களின் நுரையீரலைப் போலத் தாங்குவதில்லை.

பிளே ஸ்கூல்களுக்கெனத் தமிழ்நாடு அரசு 2015இல் ஒழுங்குமுறை விதித்தொகுப்பை வெளியிட்டுள்ளமையால், அங்கீகாரச் சான்றைக் காட்டும்படி கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி, நலிவுற்ற மற்றும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்குத் தனியார் பள்ளிகள் ஒதுக்க வேண்டிய 25 விழுக்காட்டு இடங்கள், அப்பள்ளி எல்.கே.ஜி.யிலிருந்து தொடங்குமாயின் அவ்வகுப்பிலிருந்தே பொருந்தும். குழந்தைக்கு அடியோ மிரட்டலோ நேர்ந்தது தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

அங்கன்வாடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் வருமானம் சற்று உயர்ந்ததும் பல குடும்பங்கள் முதலில் கைவிடுவது அதையே. சூடான மதிய உணவு, வாரத்தில் மூன்று முட்டை, எடையும் உயரமும் பார்த்தல், தடுப்பூசித் தொடர்பு, நடமாடும் மருத்துவக் குழுவின் பரிசோதனை ஆகியவற்றை ஒருசேரத் தரும் தனியார் முன்பருவப் பள்ளியைக் காண்பது அரிது. பேச்சுத் தாமதத்தையோ செவித்திறன் குறைவையோ மூன்று வயதில் கண்டறிவதற்கும் ஏழு வயதில் கண்டறிவதற்கும் உள்ள வேறுபாடு அக்குழந்தையின் வாழ்க்கையையே மாற்றக்கூடியது. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரில் அங்கன்வாடிகளுக்கென அரசு உருவாக்கிய பாடத்திட்டமும் விளையாட்டை மையமாகக் கொண்டதே. குறை எங்கே எனில், ஒரே பணியாளர் கற்பித்தல், பதிவேடு, வீடு தேடிச் செல்லுதல், கைபேசிச் செயலியில் தகவல் ஏற்றுதல் அனைத்தையும் சுமப்பதுதான். மையத்தை விட்டு விலகிச் செல்லும் பெற்றோர் அக்குறையைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை என்றாலும், கிராம சபையில் எழுந்து நின்று காலிப் பணியிடம் நிரப்பப்பட வேண்டும் என்று கேட்கும் பெற்றோர், தம் குழந்தைக்கும் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்தே பள்ளியைத் தேர்கிறார்கள்.

இவை அனைத்தும் அமைந்தாலும், மூன்று, நான்கு மணி நேர முன்பருவ வகுப்பு எட்டு மணி நேர ஷிப்டை ஈடுசெய்யாது. எஞ்சிய நேரத்துக்காகக் குழந்தையின் வகுப்பு நேரத்தை நீட்டச் சொல்லிப் பள்ளியைக் கேட்பதே வழக்கமாக உள்ளது. கேட்க வேண்டிய மற்றோர் இடம் தொழிற்சாலை. 30க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் காப்பகம் அமைக்க வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கு சென்றுவர அனுமதிக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. அண்மையில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இக்கடமையைத் தொடர்கிறது. காப்பகம் எங்கே உள்ளது, எந்த ஷிப்டில் திறந்திருக்கும், ஒப்பந்தத் தொழிலாளரின் குழந்தைக்கும் அங்கு இடம் உண்டா என்ற கேள்விகளை ஆலையின் மனிதவளப் பிரிவில் எழுத்து மூலமாகவும், தனித்தனியே கேட்கத் தயங்குவோர் நான்கைந்து தாய்மாராகச் சேர்ந்தும், பள்ளிச் சேர்க்கை தொடங்குவதற்கு முந்தைய மாதங்களிலேயே கேட்டுவிட்டால், பள்ளியைத் தேரும்போது அதன் நேரத்தைக் காட்டிலும் அதன் தரத்தைப் பார்க்க அவர்களால் இயலும்.